தோல்விக்கு அனுமதி

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான், சக்கரத்தைக் கண்டுபிடித்தான். தோல்வியை ஒழிக்க மட்டும் அவனால் முடியவில்லை. பேரரசர்கள் முயன்று மண்ணைக் கவ்வினார்கள். ஞானிகள் ‘தோல்வியும் ஒரு பாடம்’ என்று மழுப்பிவிட்டு நகர்ந்தார்கள். அப்பேர்ப்பட்ட தோல்வியை ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மூன்றாவது மாடிக் கூட்ட அறையில், மேசைமேல் வைத்த தேநீர் ஆறுவதற்குள் அடியோடு ஒழித்துக்கட்டியது ஒரு மென்பொருள் நிறுவனம். இதை வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டும். பொறிக்கிற உளி பாதியில் உடைந்தாலும் பொறித்ததாகவே வைத்துக்கொள்ளலாம். அந்தக் கண்டுபிடிப்பின் சாரமே அதுதான்.

லிஃப்டுகளை ஓட்டும் மென்பொருள் எழுதுவது அந்த நிறுவனத்தின் தொழில். நூற்று நாற்பது கட்டடங்களில் பொத்தானை அழுத்தினால் லிஃப்ட் வருவது அவர்கள் புண்ணியத்தில். எழுதுகிறவர்கள் இருபது பேர். எழுதுகிறவர்களை மேற்பார்வை பார்க்கிறவர்கள் எண்பது பேர். இருபது பேரும் தினம் எதையாவது மாற்றுவார்கள். மாற்றியதை ஓர் இயந்திரம் தானாகவே வாங்கி, பன்னிரண்டு படிகளில் சோதித்து, கட்டி, கடைசிப் படியில் கட்டடங்களுக்கு அனுப்பிவைக்கும். ஒவ்வொரு படியும் தனக்கு முந்தைய படியை நம்பி நிற்கும். ஒன்று தோற்றால் அடுத்தது ஓர் அங்குலம் நகராது. இந்தச் சங்கிலிக்கு அலுவலகத்தில் ‘பில்ட்’ என்று பெயர். அதைக் கட்டி மேய்க்கிறவளை வாசல் காவலாளி முதல் மேலாளர் வரை ‘பில்ட் அக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள்.

கூடத்துச் சுவரில் பெரிய டி.வி. ஒன்று மாட்டியிருந்தது. அதில் பன்னிரண்டு கட்டங்கள். தேறிய படி பச்சை, தோற்ற படி சிவப்பு. வாடிக்கையாளர்களை அழைத்து வந்தால் மேலாளர் முதலில் நிறுத்துவது அந்த டி.வி. முன்னால்தான். பச்சையாக இருந்தால் பிள்ளை முதல் ராங்க் வாங்கிய தகப்பன் மாதிரி நிற்பார். சிவப்பாக இருந்தால் வாடிக்கையாளரைத் தோளைப் பிடித்துத் திருப்பி ஜன்னல் வழியாகக் கார் நிறுத்துமிடத்தைக் காட்டுவார்.

பில்ட் அக்காவுக்கு ஓர் அண்ணன். லிஃப்ட் மெக்கானிக். அலுவலகத்திலிருந்து மூன்று தெரு தள்ளிப் பத்து மாடிக் கட்டடம் ஒன்று உண்டு. அங்கேதான் அவனுக்குப் பாதி வேலை. லிஃப்ட் மெக்கானிக்கின் வேலையில் பாதி, லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் இறங்கி, தலைக்குமேல் அரை டன் இரும்பு தொங்க, எண்ணெய் போடுவது. இறங்குமுன் ஒரு சாவியைத் திருப்புவான். திருப்பிவிட்டால், எந்த மாடியில் எவன் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் லிஃப்ட் அசையக் கூடாது. இதற்குப் பராமரிப்புப் பூட்டு என்று பெயர். பூட்டு என்றால் இரும்புப் பூட்டு அல்ல, அதுவும் மென்பொருள்தான். அது ஒழுங்காகப் பூட்டுகிறதா என்று சோதிப்பதுதான் பில்டின் ஏழாம் படி.

அண்ணனுக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது. தங்கச்சியைப் பற்றித் தெரியும். சின்ன வயதில் பரீட்சையில் தோற்றால் தோற்றேன் என்று வீட்டில் வந்து சொல்லி அடி வாங்கிய பிறவி அவள். அதனால் கட்டடத்துக்குப் புது மென்பொருள் வந்த நாளில் எல்லாம், குழிக்குள் இறங்குமுன் அவளுக்கு ஒரு போன் போடுவான். “பாப்பா, ஏழு பச்சையா?” அவள் பச்சை என்றால் இறங்குவான். இல்லை என்றால் கையைத் துடைத்துக்கொண்டு வேறு வேலை பார்ப்பான். இத்தனை வருஷமும் அவன் உடம்பு முழுசாக இருந்தது இந்தப் பழக்கத்தால்தான்.

இப்படி எல்லாம் பத்தாம்பசலித்தனமாக நடந்துகொண்டிருந்தபோதுதான் லிஃப்ட் இரண்டு நொடி வேகமாக வர வேண்டும் என்று ஒரு முன்னேற்றம் வந்தது. வந்தது முதல் ஏழாம் படி ஐந்து தடவைக்கு ஒரு தடவை தோற்க ஆரம்பித்தது. சாவியைத் திருப்பியும் லிஃப்ட் நகர்ந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு பேர், மூன்று நாள் வேண்டும் என்றாள் பில்ட் அக்கா. மேலாளர் அதற்குப் பதிலாக ஓர் ஆலோசகரை அழைத்து வந்தார்.

ஆலோசகர் சாதாரண ஆள் அல்ல. அவர் விசிட்டிங் கார்டில் ‘மாற்றத்தின் மருத்துவர்’ என்று போட்டிருந்தது. டி.வி.யைச் சற்றே தலை சாய்த்துப் பார்த்தார். நோய் ஏழாம் படியில் இல்லை, ஏழாம் படி தோற்பதைப் பார்த்துப் பதறும் மனங்களில் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். முதல் மருந்தாக ‘மறுமுயற்சி’ எழுதிக்கொடுத்தார். படி தோற்றால் இயந்திரம் திரும்ப ஓட்டும், மூன்று தடவை. மூன்றில் ஒன்று தேறினாலும் பச்சை.

“அஞ்சு தடவைக்கு ஒரு தடவை திறந்துக்கிட்டா அது பூட்டா சார்?” என்று கேட்டாள் பில்ட் அக்கா.

“நாலு தடவை பூட்டியிருக்கேம்மா. நீங்க ஏன் எப்பவும் குறையையே பாக்கறீங்க?” என்றார் ஆலோசகர். அவர் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது.

மருந்து பத்து நாள் வேலை செய்தது. பிறகு முன்னேற்றத்தின் மேல் இன்னொரு முன்னேற்றம் வந்து, ஏழாம் படி மூன்று தடவையும் தோற்றது. அன்றைக்குத்தான் அந்தப் புகழ்பெற்ற செவ்வாய்க்கிழமை. பெரிய வாடிக்கையாளர் பன்னிரண்டு மணிக்கு வருவதாக இருந்தது. இயந்திரத்துக்கு உத்தரவு எழுதிவைத்திருக்கும் பில்டின் பட்டியலில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும் என்று ஆலோசகர் எங்கோ படித்திருந்தார். ‘இந்தப் படியில் தோல்வி அனுமதிக்கப்படுகிறது.’ அவ்வளவுதான். படி தோற்கும், ஆனால் தோற்றதாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதை அதுவரை குற்றமாகச் சொல்லிவந்த உலகத்தில், அதற்கு ஒரு வரியில் வசதி செய்து கொடுத்திருந்தார்கள்.

பில்ட் அக்கா மாட்டேன் என்றாள். வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு பேரைத் தருகிறேன், பூட்டைச் சரிசெய்துவிடலாம், அதுவரைக்கும்தான் என்று மேலாளர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். மூன்று நாள்தானே என்று அவள் வரியைச் சேர்த்தாள். மனசு கேட்காமல், பக்கத்திலேயே ஒரு குறிப்பும் எழுதினாள்: ‘தற்காலிகம். வெள்ளிக்கிழமை வரை.’ எந்த வெள்ளிக்கிழமை என்று எழுத அவளுக்குத் தோன்றவில்லை. நல்லவர்கள் செய்கிற தப்பு இப்படித்தான் இருக்கும்.

வரி சேர்ந்ததும் ஏழாம் கட்டம் மஞ்சளானது. மேலாளர் முகம் சுண்டிப்போனது. பச்சைக்கு நடுவே மஞ்சள் காமாலை மாதிரி இருக்கிறதே, வாடிக்கையாளர் என்ன நினைப்பார் என்றார். உடனே நிறத்துக்கென்று ஒரு துணைக்குழு அமைத்து, மஞ்சளை ‘இளம்பச்சை’ ஆக்கினார்கள். வாடிக்கையாளர் வந்தார், பார்த்தார், வியந்தார். கேக் வெட்டினார்கள். முதல் துண்டை மேலாளர் தன் கையால் பில்ட் அக்காவுக்குக் கொடுத்தார். டி.வி.க்குக் கீழே ‘சிவப்பு இல்லாத நாட்கள்’ என்று ஓர் எண் ஓட ஆரம்பித்தது: ஒன்று.

அன்று மாலையே அவள் அண்ணனிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டாள்; வரியைப் போட்டது யார் என்று அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இனி டி.வி.யை நம்பாதே, நான் தனியாக ஏழாம் படியைக் கையால் பத்துத் தடவை ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன், அதோடு கட்டடத்து மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டே இறங்கு என்றாள். அண்ணன் சிரித்துக்கொண்டே சரி என்றான். நடந்ததும் அப்படித்தான். அவன் போன் போடுவான். அவள் பத்துத் தடவை ஓட்டுவாள். பத்தும் தேறினால் பச்சை என்பாள். பல நாள், “இன்னிக்கு வேண்டாம்ணே” என்பாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. இரண்டு பேர் வரவில்லை. அடுத்த வாரம் என்றார் மேலாளர். அடுத்த வெள்ளியும் அவள் போய் நின்றாள். பிறகு ஒவ்வொரு வெள்ளியும். டி.வி. பச்சையாக இருக்கும்போது எதைச் சரிசெய்ய ஆள் கேட்கிறாய் என்று அவர் ஒருநாள் கேட்டார். நியாயமான கேள்வி. இல்லாத தோல்விக்கு எவன் ஆள் தருவான்?

ஐம்பதாவது நாள் ஆலோசகர் இரண்டாம் புரட்சிக்குக் கிளம்பினார். கருத்தரங்கின் தலைப்பு ‘சார்பிலிருந்து விடுதலை’. ஒரு படி இன்னொரு படிக்காகக் காத்திருப்பது எவ்வளவு கேவலம் என்று ஒன்றரை மணிநேரம் பேசினார். அனுப்பிவைக்கும் பன்னிரண்டாம் படி, சோதனை முடியட்டும் என்று நாற்பது நிமிஷம் கைகட்டி நிற்கிறதாம்; அது அடிமைத்தனமாம். இனிமேல் எல்லாப் படியும் ஒரே நேரத்தில் ஓடும். கட்டியது ஆறே நிமிஷத்தில் கட்டடத்துக்குப் போய்விடும். சோதனை முடிவு தன் பாட்டுக்கு வந்து சேரும்.

“போனதுக்கு அப்புறம் சோதனை தோத்தா?” என்றாள் பில்ட் அக்கா.

“அதான் போயிடுச்சேம்மா. அப்புறம் அது தோத்து என்ன ஆகப்போகுது?”

எண்பது மேற்பார்வையாளர்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள். இருபது பேர், எழுந்தால் வேலை நின்றுவிடும் என்பதால், உட்கார்ந்தே தட்டினார்கள்.

நூறாவது நாள் கட்டட உரிமையாளர்களிடமிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. மெக்கானிக்குகள் மெயின் சுவிட்சை அணைப்பதால் குடியிருப்போருக்கு இடைஞ்சலாம். நூறு நாள் பச்சையாக இருக்கும் பூட்டை வைத்துக்கொண்டு மெயினை அணைப்பது, தயாரிப்பாளர்மேல் ‘நம்பிக்கையின்மையைப் பறைசாற்றுவதாகும்’. ஆகவே சுவிட்ச் அறையைப் பூட்டிச் சாவியைக் கட்டட அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். இதைப் படித்துவிட்டு பில்ட் அக்கா மேலாளர் அறைக்கு ஓடினாள். உங்கள் பச்சையைப் பார்த்துத்தானே எழுதியிருக்கிறார்கள், பெருமைப்படுங்கள் என்றார் அவர். இரும்பால் ஆன ஒரே பூட்டையும் மென்பொருள் பூட்டை நம்பி எடுத்துவிட்டார்கள். அண்ணனுக்கு மிச்சம் இருந்தது தங்கச்சியின் குரல் ஒன்றுதான்.

இருநூறாவது நாள் விழா. அன்றும் வெள்ளிக்கிழமை, அவள் எழுதிவைத்த குறிப்புக்கு இருபத்தொன்பதாவது வெள்ளி. கூடம் முழுக்கப் பச்சை பலூன். விழாவை முன்னிட்டு அன்று காலையே ‘இருநூறாவது நாள் சிறப்புப் பதிப்பு’ என்று ஒன்றைக் கட்டி நூற்று நாற்பது கட்டடங்களுக்கும் அனுப்பியிருந்தார்கள். பில்ட் அக்கா அதைத் தனியாக ஓட்டிப் பார்க்க உட்கார்ந்தபோது இரண்டு மேற்பார்வையாளர்கள் வந்து, மேடைக்கு வாங்க, உங்களுக்குத்தான் பரிசு என்று ஆளுக்கொரு பக்கம் நின்று அழைத்துப் போனார்கள். பரிசு ஒரு பச்சைக் கண்ணாடிக் கோப்பை. ‘தோல்வியை வென்றவர்’ என்று அதில் பொறித்திருந்தது.

கோப்பையை வாங்கும்போது அவள் கைபேசி அடித்தது. மேலாளர் எட்டிப் பார்த்தார்.

“யாரும்மா?”

“என் அண்ணன் சார். லிஃப்ட் மெக்கானிக். கொஞ்சம் இருங்க, பேசணும்.”

பழம் நழுவிப் பாலில் விழுந்தது மேலாளருக்கு. “களத்திலேர்ந்து ஒரு குரல்!” என்று அறிவித்து, கைபேசியைப் பறித்து, ஸ்பீக்கரில் போட்டு, மைக்கின் வாயில் வைத்தார். கூடம் முழுக்க அண்ணன் குரல் கேட்டது.

“பாப்பா, இன்னிக்குப் புதுசு வந்திருக்கு போல. ஏழு பச்சையா?”

மேலாளர் இரண்டு கையையும் தூக்கினார். நூறு தொண்டை ஒன்றாக, “பச்சை!” என்றது.

அவள், “வேண்டாம்ணே” என்றாள். அதற்குள் கைதட்டல் எழுந்துவிட்டது. அவள் சொன்னது அவளுக்கே கேட்கவில்லை. “சரி பாப்பா, எறங்கறேன்” என்று அண்ணன் சிரிப்பது மட்டும் ஒலிபெருக்கியில் நன்றாகக் கேட்டது.

கைபேசியைப் பிடுங்கித் திரும்ப அடித்தாள். குழிக்குள் சிக்னல் கிடையாது. கோப்பையை மேடையிலேயே போட்டுவிட்டு ஓடினாள். அது உடைந்ததை விழாக்குழு பிறகு குறிப்பில் பதிவு செய்தது. முதல் தெரு, இரண்டாம் தெரு, செருப்பு அறுந்து மூன்றாம் தெரு. அவள் போய்ச் சேர்வதற்குள் நாலாவது மாடியில் யாரோ ஒருவர் கீழே போகப் பொத்தானை அழுத்திவிட்டார். மேலே ஆளை ஏற்றிக்கொண்டு லிஃப்ட் கீழே வந்தது, பழையதைவிட இரண்டு நொடி வேகமாக. சத்தம் கேட்டு அண்ணன் மூலைக்கு ஒதுங்கிவிட்டான். இடது காலால் மட்டும் அந்த இரண்டு நொடிக்குள் ஒதுங்க முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை கூட்டம் கூடியது. நாகரிகமான நிறுவனங்களில் இதற்கு ‘பழி சொல்லாக் கூட்டம்’ என்று பெயர். யார் செய்தது என்று கேட்பது அங்கே அநாகரிகம். என்ன நடந்தது என்றுதான் கேட்க வேண்டும். ஆலோசகர் கண்ணை மூடி, எல்லோரையும் ஆழமாக மூச்சு விடச் சொல்லிவிட்டு ஆரம்பித்தார். ஆராய்ந்ததில் பன்னிரண்டு படிகளும் பச்சை என்று தெரியவந்தது. ஆகவே விபத்து பில்டுக்கு ‘வெளியே’ நடந்திருக்கிறது. சம்பந்தப்பட்ட மெக்கானிக் ஒரு தொலைபேசி அழைப்பை அளவுக்குமீறிச் சார்ந்திருந்தார். மெக்கானிக்குகளுக்குச் சுயசார்புப் பயிற்சி தரலாம் என்று பரிந்துரைத்தார்கள். அன்றைக்குச் சிவப்பு எதுவும் தெரியாததால் எண்ணை மாற்ற வேண்டியதில்லை என்றும் ஏகமனதாக முடிவானது. டி.வி.யில் இருநூற்று மூன்று ஓடியது.

யார் வரியைப் போட்டது என்று எவரும் கேட்கவில்லை. பில்ட் அக்கா தானாகச் சொல்ல எழுந்தாள். இங்கே அந்த மாதிரிப் பேச்சே வேண்டாம், உட்காருங்கள் என்று கனிவோடு உட்காரவைத்தார்கள்.

மருத்துவமனையில் அண்ணன் படுக்கைக்குப் பக்கத்தில் நிறுவனம் அனுப்பிய பச்சை வாழ்த்து அட்டை இருந்தது. ‘விரைவில் எழுந்து ஓட வாழ்த்துகிறோம்’ என்று அச்சடித்து நூறு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அவள் அதைக் கவிழ்த்து வைத்தாள்.

“அத்தனை பேர் சத்தத்துல உன் குரலைத் தேடினேன் பாப்பா. கேக்கல” என்றான் அண்ணன். “இருந்தாலும் நூறு பேர் சொல்றாங்களேன்னு எறங்கிட்டேன்.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவன் கேட்டான்.

“ஏழு தோத்தாலும் பரவாயில்லன்னு வெச்சது யாரு?”

“நான்தாண்ணே. என் கையாலதான்.”

அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“போய் எடுத்துரு” என்றான்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. அவள் நாற்காலியில்கூட உட்காராமல், நின்றபடியே பட்டியலைத் திறந்தாள். அந்த வரியையும் அதன் பக்கத்துக் குறிப்பையும் அழித்தாள். முந்தையது தேறாமல் அடுத்தது நகரக் கூடாது என்ற பழைய அடிமைத்தனத்தைத் திரும்பக் கொண்டுவந்தாள். இயந்திரம் ஓடியது. ஏழாம் கட்டம் சிவந்தது. அடுத்த ஐந்தும் வெறுமையாக நின்றன. நூற்று நாற்பது கட்டடங்களில் ஒன்றுக்குக்கூடப் புதுப் பதிப்பு போகவில்லை. டி.வி.யில் இருநூற்று நாலு என்ற எண் கண் சிமிட்டி, பூஜ்ஜியமானது.

கூடம் கிடுகிடுத்தது. எண்பது மேற்பார்வையாளர்களும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள். ஒருவர் பதற்றத்தில் தண்ணீர் கேட்டார். மேலாளர் அறைக் கதவு சுவரில் மோதித் திறந்தது. பழி சொல்லாக் கூட்டத்தில் இரண்டு மணிநேரம் யார் வாயிலும் வராத கேள்வி, டி.வி. சிவந்த மூன்றாம் நிமிஷம் அவர் வாயில் வந்தது.

“யார் செஞ்சது இதை?”

“நான்தான் சார்” என்றாள் பில்ட் அக்கா. “அந்த வரியைப் போட்டதும் நான்தான், எடுத்ததும் நான்தான். போட்டப்ப நீங்க எனக்குக் கேக் ஊட்டுனீங்க.”

பதினோரு நிமிஷத்தில் பணிநீக்கக் கடிதம் தயாரானது. அந்த நிறுவனத்தில் அவ்வளவு வேகமாக ஒரு வேலை அதற்குமுன் முடிந்ததில்லை. காரணம் என்ற இடத்தில் ‘பில்டைத் தோல்வியுறச் செய்தது’ என்று எழுதியிருந்தார்கள். மறுமுயற்சி தரவில்லை, இந்தத் தோல்விக்கு அனுமதியும் கிடைக்கவில்லை.

அவள் வாசலைத் தாண்டுவதற்குள் பழைய பட்டியலை அப்படியே எடுத்துத் திரும்ப வைத்துவிட்டார்கள். டி.வி. பச்சையானது. ‘தற்காலிகம். வெள்ளிக்கிழமை வரை’ என்ற குறிப்பு இன்றைக்கும் அங்கேயேதான் இருக்கிறது. சேர்த்தவர் என்ற இடத்தில் அவள் பெயரை மட்டும் யாரும் தொடவில்லை. நாளைக்கு இன்னொரு குழியில் இன்னொருவன் கால் போனால் காட்டுவதற்கு ஒரு பெயர் வேண்டுமே. மற்றபடி, யாரையும் குறை சொல்லாத நிறுவனம் அது.